ப்ராம்ப்டில் ஒரு சொல்லை மாற்றினால் உண்மையில் என்ன மாறுகிறது?

கேள்வி இதுதான்: ஏஐ படக் கருவிகளில் ப்ராம்ப்டின், அதாவது எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் உரையின், சொற்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். சில சமயம் ஒரு சொல் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது, அடுத்த முறை அதே சொல் ஒன்றும் செய்வதில்லை. எந்தச் சொல் வேலை செய்கிறது என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது? நல்ல ப்ராம்ப்டுக்கு வாய்பாடு ஏதும் உண்டா?

எல்லா மாடலுக்கும் பொருந்தும் வாய்பாடு எதுவும் கிடையாது. ஆனால் ஒரு சொல்லின் விளைவைச் சோதித்துப் பார்க்க நம்பகமான முறை ஒன்று இருக்கிறது. அதைக் கைக்கொண்டால், இணையத்தில் சுற்றும் 'மந்திரச் சொல்' பட்டியல்களில் எது உண்மை, எது வெறும் நம்பிக்கை என்று நீங்களே சொல்லிவிடலாம். என் கணிப்பில் அந்தப் பட்டியல்களில் பெரும்பகுதி சோதிக்கப்படாதவை. யாரோ ஒரு சொல்லைச் சேர்த்தார், அந்த முறை படம் நன்றாக அமைந்தது, பெருமை அந்தச் சொல்லுக்குப் போய்விட்டது. அதே ப்ராம்ப்டை ஓர் எழுத்தும் மாற்றாமல் மறுபடி ஓட்டியிருந்தாலும் வேறு படம்தான் வந்திருக்கும். அது இன்னும் நன்றாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆகவே முதலில் சீட் எண்ணைப் பிடியுங்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற பட மாடல்கள் வெறும் இரைச்சலில் (தாறுமாறான புள்ளிகளில்) இருந்து தொடங்கி, படிப்படியாக அந்த இரைச்சலைக் கழித்து உருவத்தை வெளிக்கொணர்கின்றன. 2022 ஆகஸ்டில் வெளியான முதல் தலைமுறை மாடலில், 512 × 512 பிக்சல் படம் 64 × 64 அளவுள்ள ஒரு சுருக்க வடிவத்தில்தான் முதலில் உருவாகிறது. அங்கே தொடக்கத்தில் நிரம்பியிருக்கும் இரைச்சல் எப்படி அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சீட் எண். எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம், உருவம் இடப்பக்கம் நிற்குமா நடுவில் நிற்குமா என்பதில் அந்த இரைச்சலுக்குப் பெரும் பங்கு உண்டு. மாடல், சீட், படிகளின் எண்ணிக்கை, சாம்ப்ளர் (இரைச்சலைக் கழிக்கும் கணக்கு முறை), ப்ராம்ப்ட் எல்லாம் மாறாமல் இருந்தால் அதே படம் திரும்ப வரும். கிராபிக்ஸ் கார்டு மாறினால் மட்டும் நுண்ணிய வேறுபாடுகள் தெரியலாம். சீட்டைப் பிடிக்காமல் சொல்லை மாற்றினால் இரண்டு காரணங்களை ஒரே நேரத்தில் மாற்றியதாகிவிடும். படம் மாறியது எதனால் என்று பிறகு பிரிக்கவே முடியாது.

ஒரே ஒரு சீட்டைப் பிடித்து நிறுத்தினாலும் போதாது. ஒரு குறிப்பிட்ட இரைச்சலில் ஒரு சொல் தற்செயலாக நல்ல பலன் தரும். வேறு இரைச்சலில் தராது. ஆறு அல்லது எட்டு சீட் எண்களைத் தேர்ந்தெடுத்து, எல்லாச் சோதனைக்கும் அதே எண்களையே பயன்படுத்துங்கள். மேல் வரிசையில் பழைய ப்ராம்ப்டின் எட்டுப் படங்கள், கீழ் வரிசையில் ஒரே ஒரு சொல் மாறிய ப்ராம்ப்டின் எட்டுப் படங்கள். இப்போது கேட்க வேண்டிய கேள்வி, கீழ் வரிசை அழகாக இருக்கிறதா என்பது அல்ல. எட்டிலும் மாற்றம் ஒரே திசையில் நடந்திருக்கிறதா என்பதுதான். 'பக்கவாட்டு ஒளி' என்று சேர்த்ததும் எட்டில் ஏழு முகங்களில் ஒரு பக்கம் நிழல் விழுந்திருந்தால் அந்தச் சொல் வேலை செய்கிறது. 'பிரமிக்கவைக்கும்' என்று சேர்த்ததும் எட்டுப் படமும் எட்டு விதமாக மாறியிருந்தால், அந்தச் சொல் படத்தைக் கலைத்துவிட்டிருக்கிறது, அவ்வளவே. ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்க ஆட்டோமேட்டிக்1111 என்ற பெயரில் புழங்கும் வெப் இடைமுகத்தில் எக்ஸ்-ஒய்-இசட் ப்ளாட் என்ற வசதி இருக்கிறது. ப்ராம்ப்டில் ஒரு சொல்லைத் தேடி அதன் இடத்தில் வேறு சொற்களை வரிசையாகப் பொருத்தி, இந்தக் கட்டத்தை அதுவே போட்டுத் தந்துவிடும்.

இத்துடன் இன்னொரு வரிசையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கோ முழுச் சோதனையிலும் இதுதான் முக்கியம். பொருள் ஏதும் மாறாத ஒரு திருத்தம் செய்து அதையும் எட்டு சீட்டிலும் ஓட்டுங்கள்: நடுவில் ஒரு காற்புள்ளி, அல்லது 'ஒரு' என்பதற்குப் பதில் 'அந்த'. படம் மாறும், சில சீட்களில் கணிசமாகவே மாறும். ஒன்றுமில்லாத திருத்தம் இவ்வளவு அசைக்கிறது என்று தெரிந்த பிறகுதான், உங்கள் சொல் அசைத்தது அதைவிட அதிகமா என்று சொல்ல முடியும். தர அடைமொழிகள் பலவற்றை இப்படிக் காற்புள்ளியோடு போட்டியிட விட்டுப் பாருங்கள். அவற்றில் எத்தனை தோற்றுப்போகின்றன என்று உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.

சீட் மாறாதபோதும் ஒரு சொல் படத்தின் அமைப்பையே புரட்டிப்போடுவது ஏன்? இரைச்சல் நீக்கத்தின் முதல் படிகளிலேயே படத்தின் பெரிய அமைப்பு முடிவாகிவிடுகிறது. இழை, நுணுக்கம், பளபளப்பு எல்லாம் பிந்தைய படிகளில் வருகின்றன. உங்கள் சொல் முதல் படியிலேயே உள்ளே இருப்பதால் அமைப்பையும் அது தொட்டுவிடுகிறது. 2022இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ப்ராம்ப்ட்-டு-ப்ராம்ப்ட் என்ற ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒவ்வொரு சொல்லும் படத்தின் எந்தப் பகுதியைக் கவனிக்கிறது என்ற வரைபடத்தைப் பழைய படத்திலிருந்து எடுத்துப் புதிய ப்ராம்ப்டுக்குக் கொடுத்தால், அமைப்பு அப்படியே நிற்க, சொல் குறிப்பிடும் பொருள் மட்டும் மாறுகிறது. வீட்டில் இதற்கு எளிய மாற்று உண்டு. மேலே சொன்ன வெப் இடைமுகத்தில், ஒரு சொல்லை இத்தனை விழுக்காடு படிகள் கடந்த பிறகு உள்ளே விடு என்று சதுர அடைப்புக்குறியால் எழுதலாம். 'பனி படர்ந்த' என்பதை முப்பது விழுக்காட்டுக்குப் பிறகு விட்டால் அதே தெரு, அதே மரங்கள் இருக்கும், மேலே பனி மட்டும் விழும். ஒரு சொல் அமைப்பில் வேலை செய்கிறதா, மேற்பூச்சில் வேலை செய்கிறதா என்று பிரித்தறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, உங்கள் சொற்களை உள்ளே யார் படிக்கிறார்கள் என்பது. முதல் தலைமுறை ஸ்டேபிள் டிஃப்யூஷனில் ப்ராம்ப்டைப் படிப்பது கிளிப் என்ற மாடலின் உரைப் பகுதி. 2021இல் ஓப்பன்ஏஐ வெளியிட்டது. இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடி படம்-உரை இணைகளில் பயின்றது. அதன் வேலை, இந்த உரை இந்தப் படத்துக்குப் பொருந்துமா என்று மதிப்பிடுவது. ஆகவே அது பழகியிருப்பது படங்களின் அருகே மனிதர்கள் எழுதிவைத்த தலைப்புகளோடும் விளக்கங்களோடும். 'தயவுசெய்து எனக்கு ஒரு நாயின் படத்தை வரைந்து கொடு' என்று யாரும் ஒரு புகைப்படத்தின் கீழ் எழுதி வைப்பதில்லை. 'ஈரமான மணலில் ஓடும் பழுப்பு நாய், தாழ்ந்த கோணம், மாலை ஒளி' என்பதுபோல் எழுதுவார்கள். படம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு விளக்கம் எழுதுகிறேன் என்று எண்ணி எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கிளிப்பின் பலவீனங்களும் இங்கிருந்தே புரியும். ஒரு நேரத்தில் 77 டோக்கன்கள்தான் (மாடல் உரையை உடைத்துப் படிக்கும் சொற்கள் அல்லது சொல் துண்டுகள்) அது ஏற்கும். தொடக்க, முடிவுக் குறிகள் போக நமக்குக் கிடைப்பவை 75. அதற்கு மேல் எழுதியதை மூல நிரல் வெட்டிவிடும். சில இடைமுகங்கள் 75 டோக்கன்களாகத் துண்டு போட்டுக் கொடுக்கும். வெட்டுப்பட்ட பகுதியில் இருந்த சொல்லை நாள் முழுக்க மாற்றிக்கொண்டிருந்தாலும் படம் அசையாது. இன்னொன்று, சொற்களுக்கிடையே உள்ள உறவை அது சரியாகப் பிடிப்பதில்லை. சொற்களை ஒரு பையில் போட்டுக் குலுக்கியதுபோல் இத்தகைய மாடல்கள் வாசிக்கின்றன என்று 2022இல் ஓர் ஆய்வு விரிவாகக் காட்டியது. 'குதிரை மீது விண்வெளி வீரர்' என்றாலும் 'விண்வெளி வீரர் மீது குதிரை' என்றாலும் குதிரைதான் கீழே இருக்கும். 'சிவப்புக் கனசதுரம், நீல உருண்டை' என்று கேட்டால் நிறங்கள் இடம் மாறும், அல்லது இரண்டும் சிவப்பாகும். 'பச்சைக் கண்கள்' என்று எழுதினால் உடையும் பின்னணியும் பச்சை பூசிக்கொள்ளும். இது உங்கள் மொழிக் குறை அல்ல. அந்த மாடலுக்குள் சொல்லை மாற்றி மாற்றி இதைச் சரிசெய்ய முயல்வது பெரும்பாலும் வீண் உழைப்பு.

மாடல் மாறினால் நிலைமை மாறுகிறது. 2022 மேயில் கூகுள் அறிவித்த இமேஜன், படங்களே பார்க்காமல் உரையில் மட்டும் பயின்ற டி5 என்ற பெரிய மொழி மாடலை வாசிப்பாளராக வைத்து, வாசிக்கும் பகுதியைப் பெரிதாக்குவது படப் பகுதியைப் பெரிதாக்குவதைவிட அதிகம் பலன் தருவதாகக் காட்டியது. 2023இல் வந்த டால்-ஈ 3 வேறொரு பக்கத்திலிருந்து அணுகியது: இணையத்தில் கிடைத்த அரைகுறைத் தலைப்புகளுக்குப் பதிலாக, பயிற்சிப் படங்களுக்கு இயந்திரத்தாலேயே நீண்ட, துல்லியமான விளக்கங்களை எழுதவைத்து அவற்றில் பயிற்றுவித்தார்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3, 2024 ஆகஸ்டில் வந்த ஃப்ளக்ஸ் ஆகியவையும் டி5 வகை வாசிப்பாளரைச் சேர்த்துக்கொண்டவை. இவற்றுக்குக் காற்புள்ளியிட்ட சொற்குவியலைவிட முழு வாக்கியம் நன்றாகப் புரியும்: 'இடப்பக்கம் நிற்கும் மூதாட்டியின் கையில் மஞ்சள் குடை, வலப்பக்கச் சிறுவன் அதைப் பார்க்கிறான்' என்றால் குடை பெரும்பாலும் மூதாட்டியின் கையில்தான் இருக்கும். 2022இல் எழுதப்பட்ட ப்ராம்ப்ட் அறிவுரையைப் புதிய மாடலுக்கும், புதிய அறிவுரையைப் பழைய மாடலுக்கும் பொருத்திப் பார்ப்பதால்தான் இத்தனை முரண்பட்ட ஆலோசனைகள் உங்கள் காதில் விழுகின்றன.

தரச் சொற்களையும் இதே அளவுகோலால் பாருங்கள். 'தலைசிறந்த படைப்பு', 'மிக உயர்ந்த தரம்' என்பவை சில அனிமே மாடல்களில் உண்மையாகவே வேலை செய்கின்றன. ஏனென்றால் அந்த மாடல்களைப் பயிற்றுவித்தவர்கள் படங்களுக்குத் தர மதிப்பீட்டையும் குறிச்சொல்லாக ஒட்டிப் பயிற்றுவித்தார்கள். அப்படிப் பயிலாத மாடலுக்கு அதே சொற்கள் வெறும் சுமை. '8கே' என்று எழுதுவதால் பிக்சல் கூடாது. அப்படிப்பட்ட தலைப்போடு இணையத்தில் உலவும் படங்களின் தோற்றம், அதாவது மிகைக் கூர்மையும் மிகை நிறமும், ஒட்டிக்கொண்டு வரும். கேமரா எண்களும் அப்படித்தான். '85 மிமீ லென்ஸ்' என்றால் மாடல் ஒளியியல் கணக்குப் போடுவதில்லை. அந்த எண்ணோடு பதிவான உருவப்படங்களின் மங்கிய பின்னணியையும் நெருக்கமான சட்டகத்தையும் நினைவுகூர்கிறது. 85க்குப் பதில் 80 என்று எழுதி நுட்பமான மாற்றத்தை எதிர்பார்ப்பதில் பயனில்லை.

நான் பரிந்துரைப்பது கண்ணால் காணக்கூடிய சொற்களை. ஒளி எங்கிருந்து விழுகிறது, கேமரா எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில், தரை ஈரமா வறண்டதா, துணி பருத்தியா பட்டா, ஊடகம் நீர்வண்ணமா கரித்துண்டா. 'ஏக்கம் நிறைந்த' என்ற சொல்லை எட்டு சீட்டில் ஓட்டினால் எட்டு வகை ஏக்கம் வரும், பாதியில் ஏக்கமே இருக்காது. 'ஜன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார், அறையில் வேறு யாரும் இல்லை, மங்கிய சாம்பல் ஒளி' என்றால் ஏக்கம் என்று எழுதாமலே அது வரும். உணர்ச்சிச் சொற்களை ஒதுக்கச் சொல்லவில்லை. உருவச் சொற்கள் நிலைபெற்ற பின் கடைசியாக ஒன்றைச் சேர்த்து, அது என்ன கூட்டுகிறது என்று சோதியுங்கள். ஒரு சொல் தனியாக வருவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். 'வயதானவர்' என்றால் சுருக்கங்களோடு கறுப்பு-வெள்ளைப் புகைப்படப் பாணியும் வந்து சேரக்கூடும். 'கடிகாரம்' என்றால் முட்கள் பெரும்பாலும் 10 மணி 10 நிமிடத்தில் நிற்கும். விளம்பரப் படங்களில் கடிகாரங்களை அப்படி வைத்துத்தான் எடுக்கிறார்கள். 'மருத்துவர்' என்று மட்டும் எழுதினால் பாலினம், நிறம், வயது எல்லாவற்றையும் பயிற்சிப் படங்களின் பெரும்பான்மை தீர்மானித்துவிடும். நீங்கள் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றையும் மாடல் அதன் வழக்கப்படி நிரப்புகிறது. மனிதர்களைச் சித்திரிக்கும்போது இதைக் கவனிப்பது நம் பொறுப்பு என்றே நினைக்கிறேன்.

எதிர்மறையைப் பற்றி. 'யானை இல்லாத காடு' என்று எழுதினால் யானை வரும் வாய்ப்பு அதிகம். படத் தலைப்புகளில் இல்லாத பொருளை யாரும் எழுதுவதில்லை என்பதால் 'இல்லாத' என்ற சொல்லுக்கு அங்கே வலுவில்லை, 'யானை'க்கு இருக்கிறது. இதற்காகத்தான் நெகட்டிவ் ப்ராம்ப்ட். அது இயங்கும் விதம் தெரிந்தால் சோதிப்பது எளிது. ஒவ்வொரு படியிலும் மாடல் இரண்டு கணிப்புகள் செய்கிறது: ஒன்று உங்கள் ப்ராம்ப்டோடு, மற்றொன்று வெற்று ப்ராம்ப்டோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கி, அந்தத் திசையில் படத்தைத் தள்ளுகிறது. பெருக்கும் எண்தான் சிஎஃப்ஜி. பழைய மாடல்களில் வழக்கமாக 7 அல்லது 7.5. நெகட்டிவ் ப்ராம்ப்ட் இந்த வெற்று இடத்தில் போய் உட்காருகிறது. அதிலிருந்து விலகும் திசையில் படம் நகர்கிறது. ஆகவே அங்கே 'யானை' என்று மட்டும் எழுத வேண்டும், 'யானை வேண்டாம்' என்றல்ல. ஐம்பது சொற்கள் கொண்ட ஆயத்த நெகட்டிவ் பட்டியலை ஒட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. எது எதைத் தடுக்கிறது என்று தெரியாமல், வேண்டியதும் சேர்ந்து போய்விடும். காலியாகத் தொடங்கி, படத்தில் உண்மையில் வந்த குறைக்கு மட்டும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஃப்ளக்ஸின் திறந்த வடிவங்களில் இந்த இரட்டைக் கணிப்பு வழக்கமான முறையில் நடப்பதில்லை என்பதால் நெகட்டிவ் ப்ராம்ப்ட் இயல்பாக வேலை செய்யாது. அங்கே 'ஆளில்லாத சாலை' என்பதைவிட 'விடியற்காலையின் வெறிச்சோடிய சாலை' என்று இருப்பதைக் கொண்டு சொல்வதே வழி.

உரையாடல் வழியே படம் தரும் சேவைகளில் ஒரு சிக்கல். இடையில் ஒரு மொழி மாடல் இருந்து உங்கள் ப்ராம்ப்டை விரித்து எழுதிவிட்டே பட மாடலுக்கு அனுப்புகிறது. டால்-ஈ 3 அப்படி அமைந்தது. நிரல் வழியே அழைத்தால் திருத்திய ப்ராம்ப்டையும் திருப்பித் தந்தது. நீங்கள் ஒரு சொல்லை மாற்றினீர்கள், உள்ளே முழுப் பத்தியே மாறியிருக்கும். இங்கே ஒற்றைச் சொல் சோதனைக்குப் பொருளில்லை. திருத்திய வடிவம் கிடைத்தால் அதை வாங்கிப் படியுங்கள், கிடைக்காவிட்டால் சொல்வதை முன்கூட்டியே முழு விவரத்தோடு சொல்லுங்கள். இடைவெளி குறைந்தால் அது இட்டு நிரப்புவதும் குறையும்.

தமிழிலேயே ப்ராம்ப்ட் எழுதலாமா என்றால், இத்தகைய இடைமாடல் உள்ள சேவைகளில் தாராளமாக எழுதலாம், அதுவே நல்ல ஆங்கில விளக்கமாக மாற்றிக்கொள்ளும். நேரடியாகக் கிளிப்பைப் பயன்படுத்தும் மாடலில் எழுதினால் பயன் மிகக் குறைவு. அதன் சொற்களஞ்சியம் ஆங்கிலத்தைச் சுற்றி அமைந்தது. 'மழை' என்ற சிறு சொல் கணினிக் குறியீட்டில் ஒன்பது பைட்டுகள். பொருளற்ற துண்டுகளாக உடைந்து, 75 டோக்கன் இடத்தையும் வேகமாகத் தின்றுவிடும். நான் இங்கே எடுத்துக்காட்டுகளைத் தமிழில் தந்திருந்தாலும், அத்தகைய கருவியில் இடும்போது ஆங்கிலத்தில் இடுங்கள்.

ஓவியர் பெயர்களைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். கிரெக் ருட்கோவ்ஸ்கி என்ற போலந்து ஓவியரின் பெயர் 2022இல் ப்ராம்ப்ட்களில் மிக அதிகமாக ஒட்டப்பட்டு, தன் படைப்புகளைத் தேடினால் தான் வரையாதவை வந்து நிற்கின்றன என்று அவரே வெளிப்படையாகக் கவலை தெரிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2 உரை வாசிப்பாளரை மாற்றியதும் அப்பெயர்களின் விளைவு வெகுவாகத் தணிந்தது. அவற்றை நம்பியே இருந்த ப்ராம்ப்ட்கள் ஒரே நாளில் செல்லாதவையாகின. வாழும் ஓவியரின் பெயரை விட்டுவிட்டு, அவர் பாணியில் உங்களுக்குப் பிடித்தது எது என்று நீங்களே பார்த்து எழுதுங்கள்: தடித்த தூரிகைத் தடமா, பின்னொளியில் தூசியா, வெதுவெதுப்பான பழுப்பு நிறங்களா. கண்ணும் பழகும், அடுத்த மாடலிலும் அது செல்லும்.

குறிப்பெடுப்பதில் சோம்பல் வேண்டாம். மாடலின் பெயரும் பதிப்பும், சீட், படிகள், சாம்ப்ளர், சிஎஃப்ஜி, முழு ப்ராம்ப்ட் இவை இல்லாத படம் சோதனைக்கு உதவாது. வெப் இடைமுகங்கள் பல இவற்றைப் பிஎன்ஜி கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கின்றன. கோப்பை வேறு செயலி வழியே அனுப்பினால் அழிந்துபோகலாம், அதனால் மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக, எட்டு சீட்டிலும் எந்தச் சொல்லுக்கும் அசையாத விஷயங்கள் இருக்கும். சரியாக ஏழு பறவைகள், வலது கை மேலே இடது கை இடுப்பில், மேசையின் மூன்றாம் மூலையில் புத்தகம் போன்றவை. அங்கே சொல்லைத் தேடுவதை நிறுத்திவிடலாம். 2023 பிப்ரவரியில் வந்த கண்ட்ரோல்நெட், ஒரு குச்சி மனித வரைபடத்தையோ கோட்டோவியத்தையோ கொடுத்தால் உடல்நிலையை அதன்படி அமைக்கும். தவறான பகுதியை மட்டும் மறைத்து மறுபடி வரையவைக்க இன்பெயின்டிங் இருக்கிறது. கையை எங்கே வைப்பது என்பதைக் கோட்டில் காட்டிவிட்டால், ப்ராம்ப்டில் ஒளியையும் துணியையும் காலநிலையையும் எழுத அந்த 75 டோக்கனும் உங்களுக்கு மிஞ்சும்.